தெளிவும் வண்டலும்

திங்கள்

மூன்றாம் ஆண்டு மாணாக்கர் இன்று முளைகட்டிய பச்சைப்பயற்றைக் குளிர்ந்த கல்வத்தில் அசிடேட் பஃபர் விட்டு அரைத்து வடித்து, அமில பாஸ்படேஸ் என்னும் நொதியைச் சுத்திகரிக்கும் பரிசோதனையைத் தொடங்கினார்கள். அலமாரியில் பாஸ்பேட் பஃபர் இருக்க இதை ஏன் புதிதாகத் தயாரிக்க வேண்டுமென்று ஒருவன் கேட்டான். பாஸ்பேட்டைப் பிரித்து வெளியேற்றுவதே இந்த நொதியின் தொழிலாகையால், சுற்றிலும் அதுவே நிறைந்திருந்தால் வேலை தடைப்படும் என்றேன்.

செவ்வாய்

அம்மோனியம் சல்பேட் தினம். நூறு மில்லிலிட்டர் சாற்றைப் பூஜ்ய டிகிரியில் 40 சதவிகிதப் பூரித நிலைக்குக் கொண்டுவர 22.6 கிராம் உப்பு வேண்டுமென்று அட்டவணை சொல்லிவிடுகிறது; போடுகிற கையின் நிதானத்தை அது சொல்வதில்லை. அவசரக்காரர்கள் மொத்தமாகக் கொட்டிக் கலக்குவதால், உப்பு விழுந்த இடத்தில் செறிவு வரம்பு மீறி வேண்டாத புரதங்களும் உடன் படிகின்றன. எழும்பிய நுரையிலோ புரதம் உருக்குலைந்து வீணாகிறது. ஒரு பெண் மட்டும் உப்பை நன்றாகப் பொடித்து, முன் தூவிய சிட்டிகை கரைந்தாலொழிய அடுத்ததைத் தூவுவதில்லை என்ற விரதத்துடன் உட்கார்ந்திருக்க, ஐஸில் புதைந்த அவள் பீக்கரில் பால் திரிவதுபோல் மெல்ல வெண்மை படர்ந்தது.

சென்ட்ரிபியூஜ் நின்றதும் ஒருவன் வண்டலை வைத்துக்கொண்டு தெளிவைத் தொட்டியில் கவிழ்க்கப் போனான்.

“எதுல இருக்குன்னு பாத்தியாப்பா?”

“வண்டல்லதானே மேடம் இருக்கும்?”

வண்டலைச் சிறிது பஃபரில் கரைத்து, இரண்டிலும் கொஞ்சம் எடுத்து நைட்ரோஃபீனைல் பாஸ்பேட்டுடன் வைத்திருந்து, பிறகு காரம் விட்டு நிறுத்தச் சொன்னேன். தெளிவின் குழாய் பளிச்சென மஞ்சளாயிற்று. வண்டலின் குழாய் வெளிறியே கிடந்தது.

வியாழன்

மறுபடி உப்பேற்றிப் படியவைத்ததை நேற்று டயாலிசிஸ் பையில் கட்டிப் போட்டாயிற்று. இன்று கணக்கு: மொத்த யூனிட், மொத்தப் புரதம், மில்லிகிராமுக்கு எத்தனை யூனிட், எத்தனை மடங்கு சுத்தம், எத்தனை சதவிகிதம் மிஞ்சியது. பிள்ளைகளுக்கு மடங்கு உயர்ந்தால் போதும். வழியில் போனதைப் பார்க்க மனமில்லை. யூனிட்டையும் புரதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஏன் எழுதுகிறோமென்று விளக்கச் சம்னரின் கதையைச் சொன்னேன். பதினேழாம் வயதில் இடக்கையை இழந்த ஜேம்ஸ் சம்னர், 1926-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜாக் பீன் என்னும் அவரையின் மாவிலிருந்து யூரியேஸைப் படிகமாக்கி, நொதி புரதமே என்று அறிவித்தபோது, அந்தப் புரதம் நொதியைச் சுமக்கும் வாகனம் மட்டுமே என்று ஜெர்மன் வேதியியலாளர் வில்ஸ்டேட்டரின் சிஷ்யபரம்பரை வாதாடியது. நோபெல் பரிசு 1946-இல்தான் வந்தது.

ஹிஸ்டிடின் வால் ஒட்டிய புரதத்தை நிக்கல் பிசினில் ஒரே பகலில் பிடித்துவிடலாமே, இந்தப் பழைய வழி எதற்கென்று சக ஆசிரியர் கேட்கிறார். அங்கே எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற தீர்மானத்தை வாலை ஒட்டியவரே முன்கூட்டிச் செய்துவிடுகிறார். மாணவனுக்குக் கழுவுகிற வேலைதான் மிச்சம்.

வெள்ளி

டயாலிசிஸுக்குப் பின் யூனிட் கூடி, மீட்பு 130 சதவிகிதம் என்று வந்திருக்க, அதை 95 என்று திருத்தி ரெக்கார்டில் எழுதலாமா என்று ஒருவன் காதோடு கேட்டான். கூடாதென்றேன். பயற்றிலேயே இருந்த பாஸ்பேட் நொதியைத் தடுத்திருந்து, இப்போது பை வழியே வெளியேறியிருக்கலாம். அல்லது முதல் அளவே பிழையாயிருக்கலாம். உப்புச் சேர்க்காத சாற்றில் உறையவைத்த பங்கு ஒன்று இருக்கிறது. அதைப் பையில் கட்டி இரவு முழுதும் பஃபரில் போட்டு, முன்னும் பின்னும் அளந்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். நாளை சனிக்கிழமை; கூடத்தை அரைநாள் திறந்துவைக்க அட்டெண்டரிடம் சொல்லியிருக்கிறேன்.