பொறுத்துக்கொள் என்று சொல்வதற்கு முன்



பிரசங்க பீடத்தில் நாம் பேசாத ஒரு காரியத்தை இந்த வாரம் எழுதுகிறேன். என் மகளின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

தலைப்பிரசவத்துக்காக அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அறுவைச் சிகிச்சையில் குழந்தை பிறந்தது. ஆன்டிபயாடிக் மருந்துகளும் கொடுத்தார்கள். முதல் இரண்டு வாரங்கள் சங்கடமின்றிக் கழிந்தன. மூன்றாம் வாரத்தில் ஓர் இரவு, குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது அவள் விம்மி அழும் சத்தம் கேட்டது. அறை வாசலில் நின்றபடியே, "பொறுத்துக்கொள்ளம்மா, தாய்மை என்றால் வேதனையும் உண்டு" என்றேன். ஒரு சிறு ஜெபம் செய்துவிட்டுப் படுக்கப் போனேன். நல்ல தகப்பனாகவும் நல்ல போதகராகவும் நடந்துகொண்டதாகவே நினைத்தேன்.

நான்கு நாள் கழித்து, அன்னாளைக் குறித்துப் பிரசங்கிப்பதற்காக முதலாம் சாமுவேல் முதல் அதிகாரத்தைத் திறந்தேன். சீலோவில் ஆலய வாசலருகே உட்கார்ந்திருந்த ஏலி, உதடுகள் மட்டும் அசைய ஜெபித்துக்கொண்டிருந்த அன்னாளைக் குடித்திருப்பவள் என்று எண்ணிக் கடிந்துகொண்டான். அவள் அழுகை எதற்கென்று அவன் கேட்கவில்லை. நானும் வாசலில் நின்றவன்தான், நானும் கேட்கவில்லை. அதற்குமேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

எழுந்துபோய் மகளிடம் கேட்டேன். "பிள்ளை பசித்து அழுதாலே எனக்குப் பயமாயிருக்கிறது அப்பா. நான் நல்ல தாய் இல்லையோ?" என்றாள். மற்றதைத் தன் தாயிடம் சொன்னாள். மார்புக் காம்பில் நெருப்புப் பட்டதுபோன்ற எரிச்சல். பால் கொடுத்து முடித்த பின்னும் உள்ளே ஊசி குத்துவதுபோன்ற வலி. மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

குழந்தை எப்படி மார்பைப் பற்றுகிறது என்பதையே மருத்துவர் முதலில் கவனித்தார். காம்பை மட்டும் கவ்விச் சப்பினால் புண்ணாகும். வாயை அகலத் திறந்து, சுற்றியுள்ள கருமையான பகுதியையும் சேர்த்துப் பற்றவேண்டும். ஆரம்ப நாட்களின் வலிக்குப் பெரும்பாலும் இதுவே காரணமாம். எங்கள் குழந்தை சரியாகவே பற்றியது. பின்பு அதன் வாயைப் பார்த்தார். நாவிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெண்படலம் இருந்தது. பால் படிந்ததென்றால் துடைத்ததும் போய்விடும், இது போகவில்லை. நம் பெரியவர்கள் அக்கரம் என்று சொல்லும் பூஞ்சைத் தொற்று அது. ஆன்டிபயாடிக் எடுத்த பின் இது வருவதுண்டு என்றார். தாயிடமிருந்து சேய்க்கும் சேயிடமிருந்து தாய்க்கும் மாறி மாறித் தொற்றுவதால், இருவருக்கும் ஒரே சமயத்தில் மருந்து கொடுத்தார். பாலை நிறுத்தவேண்டாம், கைகளை நன்றாய்க் கழுவுங்கள், துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள் என்றார். வாயில் தேன் தடவவே கூடாது, ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஆபத்து என்றும் எச்சரித்தார். தேன் புட்டி எங்கள் வீட்டில் தயாராக இருந்தது!

எல்லா வலியும் அக்கரம் அல்ல. மார்பு சிவந்து, கட்டிப்பட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

சில நாட்களில் எரிச்சல் தணிந்தது. பேரன் அழும்போது என் மகள் இப்போது பயப்படுவதில்லை.

பிரியமானவர்களே, ஏலியிடம் நாம் கற்றுக்கொள்ளவேண்டிய நன்மையும் உண்டு. அன்னாள் தன் துக்கத்தைச் சொன்னபோது, அவன் தன் சொல்லை மாற்றிக்கொண்டு அவளைச் சமாதானத்தோடே அனுப்பினான். பிற்பாடு சாமுவேல் பால்குடிக்கும் குழந்தையாயிருந்தபோது, அன்னாள் வருஷாந்தரப் பலிக்குப் போகாமல் வீட்டிலே தங்கினாள். எல்க்கானா அதற்குச் சம்மதித்தான். அவளுடைய பக்தி குறைந்துவிட்டதென்று சொல்லவில்லை.

நம் சபையிலும் கைக்குழந்தையோடு இருக்கும் சகோதரிகள் உண்டு. அவர்கள் ஆராதனைக்கு வராத ஞாயிறுகளில், ஏன் வரவில்லை என்று கேளாதிருங்கள். எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள். மாமியார்களே, தாய்மார்களே, நாங்கள் பொறுக்கவில்லையா என்று சொல்லாதிருங்கள். கணவன்மார்களே, இரவில் நீங்களும் எழும்புங்கள். ஜெபியுங்கள், ஜெபித்த கையோடு மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள்.

வாசலில் நின்று ஆலோசனை சொல்லும் எங்களை, உள்ளே வந்து கேட்கிறவர்களாக மாற்றும் ஆண்டவரே. ஆமென்.