கடலுக்கு விலா காட்டும் வீடுகள்

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், கேம்ரி விரிகுடாவின் ஓரத்தில், குரோவி என்னும் மீனவர் ஊர் ஒற்றை வரிசையாக நிற்கிறது. சுமார் 60 வீடுகள். முதுகை ஒட்டிச் செங்குத்தான மேடு, எதிரே அலை. நடுவில் ஆள் நடக்கும் பாதை மட்டும்தான். காரை ஊர்க்கோடியில் நிறுத்திவிட்டு, மளிகை முதல் மரச்சாமான் வரை கைவண்டியில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பெரும்பாலான வீடுகள் கடலுக்கு முகம் காட்டாமல் விலாவைக் காட்டி நிற்கின்றன. புயலலை குறுகிய பக்கச்சுவரில் மோதிப் பிளந்துபோகும், வாசலும் சன்னலும் தப்பும். கடலைப் பிரிய மனமில்லாதவர்கள் கட்டிய ஊர் என்று இதைப் பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். எனக்கு அது ஒப்பவில்லை. இந்த ஊருக்கு உருவம் கொடுத்தது கடலைவிட நிலம்தான். நிலம் யார் கையில் இருந்தது என்பதுதான்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நிலக்கிழார்கள் ஆடு வளர்ப்புக்காக உள்நாட்டு விளைநிலங்களிலிருந்து குடும்பங்களை வெளியேற்றினார்கள். அப்படி வந்தவர்களுக்குக் கிடைத்தது பயிருக்கும் மேய்ச்சலுக்கும் உதவாத இந்தக் கரைத் துண்டு. ஏர் பிடித்த கை துடுப்புப் பிடித்தது. பெண்கள் சிப்பியின் சதையைக் கிள்ளி, ஆயிரங்கால் தூண்டிலின் ஒவ்வொரு முள்ளிலும் இரை கோத்தார்கள். ஆண்கள் கடலுக்குப் போகுமுன் முடிய வேண்டிய வேலை அது. விலா காட்டிக் கட்டுவது வடகடல் ஓரத்தில் பல ஊர்களின் வழக்கம், அதில் நிலக்கிழாருக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சுவர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைக் காற்று சொல்லித்தந்தது. ஆனால் அலை எட்டும் இடத்தில் ஏன் சுவர் எழுப்ப நேர்ந்தது என்பதற்குக் காற்றிடம் பதில் இல்லை. படகு பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் என்றால், அதே விரிகுடாவின் கார்டன்ஸ்டவுனைப் பாருங்கள். 1720இல் அலெக்சாண்டர் கார்டன் என்ற நிலக்கிழார் நிறுவிய ஊர் அது. அங்கும் மீன்பிடிதான் தொழில். வீடுகளோ படிப்படியாகச் சரிவில் ஏறிப் போகின்றன. குரோவியின் மேடு அதற்கு இடம் தராது என்பதும் உண்மை. அந்த மேட்டடியைத்தான் இவர்களுக்கு விட்டுவைத்திருந்தார்கள்.

1953 ஜனவரி 31 அன்று அடித்த பெரும்புயல் பாதையையும் சில கட்டடங்களையும் அடித்துப்போனது. பல குடும்பங்கள் அதன்பின் வெளியேறின. கடல்தான் ஊரை அழித்தது என்பார்கள். புயலின் கொடுமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஊரின் பிழைப்பு அதற்கு வெகுமுன்பே ஆட்டம் கண்டிருந்தது. உப்பிட்ட ஹெர்ரிங் மீனைப் பீப்பாய் பீப்பாயாக வாங்கிய ஜெர்மனியும் ரஷ்யாவும் 1914இல் தொடங்கிய போரோடு கைநழுவின. நீராவிப் படகுகளுக்கு ஆழமான துறைமுகம் வேண்டியிருந்தது. தொழில் பிரேசர்பரோ போன்ற ஊர்களுக்கு நகர்ந்தது. பிழைப்பு இருந்த காலத்தில் புயலுக்குப் பின் கல்லைத் திரும்ப அடுக்கினார்கள். 1953இல் அடுக்குவதற்குக் காரணம் குறைந்துபோயிருந்தது. இன்று பெரும்பாலானவை விடுமுறை வீடுகள். குளிர்கால மாலையில் அந்த வரிசையில் சில சன்னல்களில்தான் விளக்கு எரிகிறது.