யாம் ஒரு பொறி தெரிந்த வரலாறு

தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவர்க்கும் இரும்புத் துருவுக்கும் யாது தொடர்பு என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். எந்தையாரும் முதலில் அவ்வாறே நகைத்தார். தூத்துக்குடியில் கடற்காற்றுப் படும் இடத்தில் அமைந்தது எம் பட்டறை. விசைப்படகுகளின் எஞ்சின் உறுப்புகளும், பம்புகளும், ரப்பர் வார்க்கும் அச்சுகளும் அங்கே பழுது பார்க்கப்பெறும். எம்மூர்க் காற்றில் உப்பு உண்டு. ஆகலின் மாலையில் மினுக்கி வைத்த இரும்பு மறுநாட் காலையிற் செம்மை படர்ந்து நிற்கும். பட்டறை வேலையிற் பாதி துருவெடுத்தலே எனினும் மிகையாகாது.

அவ்வேலையை இருபதாண்டு செய்தவர் எம் அம்மான். காற்றழுத்தத்தால் மணலை வீசித் துருவெடுப்பதை எம் பக்கத்தார் பிளாஸ்டிங் என்பர். முகத்திற் கட்டிய ஒரு துண்டே அவர்க்குக் காவலாயிருந்தது. மணல் உடைந்து எழும் நுண்ணிய தூளில் சிலிக்கா உண்டென்பதும், அது நுரையீரலிற் படிந்து தழும்பாக்கும் என்பதும், அத்தழும்பு ஆறாதென்பதும் அவர்க்கு இருமல் வந்த பின்னரே யாம் அறிந்தோம். இங்கிலாந்து நாட்டினர் வார்ப்படங்களைத் துலக்க மணல் வீசுவதை 1949-ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் விலக்கினர். அச்செய்தி எம் தெருவுக்கு வந்து சேரவில்லை. அம்மான் இப்போது பட்டறை வாயிலில் நாற்காலியிட்டு அமர்ந்து கணக்கு மட்டும் எழுதுகின்றார். மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகின்றார்.

சென்ற கோடை விடுமுறைக்கு யாம் வீடு சென்றபோது, லேசர் ஒளியால் துருவெடுக்கும் பொறியொன்று வாங்குவதென எந்தையார் துணிந்திருந்தார். அன்னையாரின் நகைகள் வங்கிக்குச் சென்றுவிட்டன. விற்பனையாளர் தந்த விளக்கத்தாள் ஆங்கிலத்தில் இருந்தமையால், "தம்பி, உன் படிப்பு இதற்காவது உதவட்டும்" என்று அதனை எம் கையிற் கொடுத்தார்.

இப்பொறியின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். 1960-ஆம் ஆண்டில் தியோடர் மைமன் என்பார் முதல் லேசரை ஒளிரச் செய்தார். அதன்பின் சில ஆண்டுகளுக்குள் ஆர்தர் ஷாலோ என்னும் அறிஞர், தாளிலுள்ள மையை மட்டும் லேசரால் ஆவியாக்கிக் காட்டினார். கரிய மை ஒளியை விழுங்கும். வெள்ளைத் தாள் அதனைத் திருப்பிவிடும். துருவும் பெயின்டும் மையை ஒப்பன. அடியிலுள்ள இரும்பு தாளை ஒப்பது. 1970-களின் தொடக்கத்தில் ஜான் ஆஸ்மஸ் என்பார் வெனிஸ் நகரத்துக் கற்சிற்பங்களிற் படிந்த கரிய அழுக்கை இம்முறையால் நீக்க முற்பட்டார். எமக்கு இஃது ஏடு பதிப்பிப்பார் தொழிலாகவே தோன்றிற்று. பாடத்தைத் தொடாது, அதன்மேற் படிந்த பிழையை மட்டும் களைதலன்றோ அவர் பணி! இவ்வுவமையை எந்தையாரிடம் கூறினோம். அவர் விலையைப் படிக்கச் சொன்னார்.

நிற்க. விளக்கத்தாளில் இருவகைப் பொறிகள் இருந்தன. ஒன்று ஒளியை இடையறாது பொழிவது. 1500 வாட்டு வலுவுடையது. மற்றொன்று துடிப்புத் துடிப்பாக விடுவது. 200 வாட்டே உடையது. பின்னதன் விலையோ முன்னதனினும் மிகுதி. ஏழு மடங்கு வலுவுள்ள பொறி குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது மற்றதை நாடுவார் யாவர்? விற்பனையாளரும் இதனையே தொலைபேசியிற் பன்முறை ஓதினார். எந்தையார் முன்பணம் அனுப்பும் நிலையில் இருந்தார்.

யாம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு துடிப்பின் ஆற்றல் ஒரு மில்லிஜூல். அது நீடிக்கும் காலம் 100 நானோ நொடி. வகுத்துப் பார்க்கின், அக்கணத்தின் வலு 10,000 வாட்டு ஆகின்றது! நொடிக்கு 2,00,000 துடிப்பு வீதம் விடினும் சராசரி 200 வாட்டே. அவ்வொரு கணத்தில் துரு ஆவியாகித் தெறிக்கும். வெப்பம் இரும்பினுள் ஆழ இறங்குமுன் துடிப்பு முடிந்துவிடும். இடையறாது ஒளிரும் பொறியிலோ வெப்பம் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். கப்பலின் தடித்த தகட்டுக்கு அது பொருட்டன்று. வேலையும் விரைவில் முடியும். மெல்லிய தகடாயின் நெளியும்.

ஆகவே எம் பட்டறைக்கு வருவன யாவை என அறிய விரும்பி, அம்மானின் கணக்குப் புத்தகத்தை வாங்கி ஓராண்டு வேலைகளை எண்ணினோம். தடித்த தகடும் நங்கூரச் சங்கிலியும் சிலவே. பம்பு உறுப்பும் அச்சும் தண்டுமே பெரும்பாலன. செதில் செதிலாய்த் தடித்த சங்கிலித் துருவுக்கு இரு பொறிகளும் மந்தமே, முதலில் சுத்தியல் வேண்டும் என்றார் அம்மான். பெயின்ட் பற்றுவதற்கு மணல் தரும் சொரசொரப்பை லேசர் தாராது என்றும் அவரே கூறினார். தம் மார்பைக் கெடுத்த முறையின் நலத்தை அவர் நடுநிலையோடு எடுத்துரைத்தது எம்மை வியப்பில் ஆழ்த்திற்று.

பின்னர் எந்தையாரும் யாமும் ஒரு மில்லிமீட்டர் தகடொன்றும் பழைய தண்டொன்றும் எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரில் விற்பனையாளரின் கூடத்துக்குச் சென்றோம். பொறியை இயக்குபவர் மட்டும் காப்புக் கண்ணாடி அணிந்திருந்தார். "சற்று விலகி நில்லுங்கள், போதும்" என்றனர். இவ்வொளியின் அலைநீளம் ஏறத்தாழ 1064 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. தெரியாமையால் இமை மூடாது. பளபளத்த இரும்பிற் பட்டுத் திரும்பும் கதிரும் விழித்திரையை நோவின்றிச் சுட்டுவிடும். இதனைப் படித்திருந்த யாம் கண்ணாடியின்றி நில்லோம் என்றோம். அரைமணி நேரம் தேடி இரண்டு கண்ணாடிகள் கொணர்ந்தனர். எந்தையார்க்கு எம்மேல் சினமே.

தொடரொளி தகட்டை விரைந்து துலக்கியது. எந்தையார் முகம் மலர்ந்தது. ஆனால் தகட்டை மேசைமேல் வைத்தபோது அது மூலை படியாது ஆடிற்று. தண்டில் நீலம் பாய்ந்திருந்தது. துடிப்பொளி நகர்ந்தது நத்தைபோல. எமக்கே கொட்டாவி வந்தது. ஆயினும் தண்டின் மறுபக்கத்தில் அது சென்ற இடமெல்லாம் பழைய கடைசல் வரிகள் இழையிழையாய்த் தெரிந்தன. எந்தையார் அவ்வரிகளை நகத்தால் நெடுநேரம் தடவிப் பார்த்தார்.

வீடு மீண்டு எல்லாம் கூறியபின் அம்மான் ஒன்றே கேட்டார்: "அந்தப் புகை எங்கே போகும்?"

யாம் விடை கூற இயலாது நின்றோம். ஆவியான துருவும் பெயின்டும் காற்றிற் கலக்கும். பழைய பெயின்டில் ஈயமும் இருக்கலாம். எம் பட்டறையோ தெருப்பக்கம் சுவரில்லாத கொட்டகை. எதிரே பிள்ளைகள் விளையாடுவர். புகையுறிஞ்சியும், நாற்புறமும் அடைத்த அறையும், கண்ணாடிகளும் வாங்கினால் 200 வாட்டுப் பொறிக்குப் பணம் போதாது. மூன்று நாள் எந்தையார் எவரோடும் பேசவில்லை. நான்காம் நாள் 100 வாட்டுத் துடிப்புப் பொறிக்கு எழுதச் சொன்னார். எஞ்சிய பணத்தில் அறை கட்டப்பெற்றது.

பொறி இப்போது இயங்குகின்றது. வேலை மெதுவாகவே நடக்கின்றது; வாடிக்கையாளர் சிலர் முணுமுணுக்கின்றனர். அடகுக் கடன் இன்னும் தீரவில்லை.

அறைக் கதவில் எச்சரிக்கை எழுதும் பணி எமக்கு வந்தது. "கட்புலனாகாக் கதிர் இயங்குங்கால் காப்பாடி அணியாது உட்புகற்க" என வரைந்து அம்மானிடம் பெருமிதத்தோடு நீட்டினோம். அவர் படித்துச் சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று. இருமல் அடங்கியபின், "மருமகனே, இதைப் படித்து முடிக்குமுன் கண் போய்விடும்" என்றார். பிறகு தாமே தூரிகையை வாங்கிச் சிவப்புப் பெயின்டில் எழுதினார்: "லேசர் ஓடுது. கண்ணாடி இல்லாம உள்ள வராதே." அதுவே இன்றும் அக்கதவில் இருக்கின்றது.