பகாரமும் மகாரமும்

சிட்லபாக்கத்திலிருந்து நடந்தே சென்றடையும் ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை அந்நிலையத்துக்கு விட்டுச்சென்ற பெயர் அது. எங்கள் அப்பாவுக்குக் காசநோய் வந்தது 1974இல், வேறோர் ஊரில். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி அவரைக் காப்பாற்றியது. 1943இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட, காசநோய்க்குப் பலனளித்த முதல் ஆன்டிபயாடிக் அது. உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய செல்களை அழிக்கவும் வல்லது. அழிந்த செல்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு ஊசியே இல்லாத மாத்திரைச் சிகிச்சையை இந்திய அரசு 2024இல் அனுமதித்த செய்தியை அப்பா இருமுறை வாசித்தார். பிறகு, "உயிருக்குப் பதிலாக் காது. நல்ல பேரந்தான்" என்றார். அது பேரம் என்பதை நாங்கள் ஏற்பதில்லை.

இவ்வகைக் கேளாமையில் உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளே முதலில் மறைகின்றன. உயிரொலிகள் ஓரளவு எட்டும், மெய்கள் தேய்ந்துபோகும். யாரோ பேசுகிறார் என்பது தெரியும், என்ன பேசுகிறார் என்பது தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இதை விளக்குவது கடினம். அவர்கள் கத்துகிறார்கள். கத்தும்போது பெரிதாவது உயிரொலிதான். கூடவே வாயும் கோணிக்கொள்கிறது. அப்பாவோ பாதிப் பேச்சை வாயிலிருந்துதான் வாசிக்கிறார்.

உதடுகளை வாசிப்பதன் எல்லையை அறியத் தொல்காப்பியத்தின் பிறப்பியலே போதும். பகாரமும் மகாரமும் இரண்டு இதழ்களும் பொருந்தப் பிறப்பவை என்கிறது அது. மெல்லெழுத்துகளுக்கு மூக்கின் காற்றும் சேர்கிறது என்கிறது. மூக்கின் காற்றை எந்தக் கண் காணும்? ஆகவே அப்பாவுக்குப் பணமும் மணமும் ஒன்று, படமும் மடமும் ஒன்று, பாடுவதும் மாடும் ஏறக்குறைய ஒன்று. ககரமோ வாய்க்குள்ளேயே பிறந்து மறைந்துவிடும். எனவே ஒரே சொல்லை மூன்றுமுறை சொல்வதில் பயனில்லை, சொல்லை மாற்றவேண்டும். 'மணம்' எட்டவில்லையென்றால் 'கல்யாணம்'. பேச்சு எதைப் பற்றியது என்பதை முதலில் சொல்லிவிட்டால் மீதியை அவரே ஊகித்துக்கொள்வார். அந்த ஊகத்தில் அவருக்கு இணை அவரே.

சன்னலுக்கு முதுகு காட்டி நாங்கள் உட்காருவதில்லை, முகம் இருண்டுவிடும். விமானப்படை நிலையத்து விமானம் கடந்து போகும்வரை வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி வைப்போம். காதுக்கருவி எல்லாவற்றையும் பெரிதாக்குவதால், சமையலறையில் எவர்சில்வர் தட்டு விழுந்தால் அவருக்கு அது இடி. (அடர்ந்த மீசை வைத்த ஒரு பெரியப்பாவிடம் அவர் அதிகம் பேசாததற்குக் குடும்பத்தில் வேறு காரணங்கள் சொல்கிறார்கள்.) 2020இல் முகக்கவசம் வந்தபோது ஊரே அவருக்கு ஊமையாகிவிட்டது. மருந்துக்கடைக்குப் பேனாவும் துண்டுத்தாளும் கொண்டு போனார்.

இவையெல்லாம் எளியவை. கடினமானது வேறு. கூட்டத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அப்பா, "என்ன?" என்று கேட்கிறார். "ஒண்ணுமில்ல மாமா, சும்மாதான்" என்கிறார் யாரோ, அன்பாகவே. உடனே அவர் முகத்தில் ஒரு புன்னகை வரும். புரிந்தவரின் புன்னகை போலவே இருக்கும். அதே புன்னகையோடு மருத்துவர் முன்னும் தலையாட்டுவார். மாத்திரை உணவுக்கு முன்பா பின்பா என்பது தெரியாமலே. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் வரும். ஆதலால், "அவர் என்ன சொன்னார்ப்பா, நீங்க சொல்லுங்க" என்றே கேட்கிறோம். காதைவிட அந்தத் தலையாட்டலைப் பற்றியே எங்களுக்கு அச்சம் அதிகம்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. சாப்பிடும்போது யார் வேடிக்கையாகப் பேசினாலும் அதை அப்பாவின் முகம் பார்த்து, முழுதாக, மறுபடி சொல்லவேண்டும். சுவை ஆறிப்போயிருந்தாலும் சொல்லவேண்டும். சென்ற வாரம் ஒரு சிரிப்புத் துணுக்கு மூன்றாம் முறைதான் அவரை அடைந்தது. எங்கள் முகங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு சிரிச்சீங்க?" என்றார்.