குரங்கு வழிச் சாலை – 4: ஒரகடத்துக் கடுவன்

செவ்வாய்க்கிழமை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு விடுமுறை. அது தெரியாமல் போய் வாசலோடு திரும்பிய கதையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. புதன்கிழமை காலை மறுபடி போனேன். சிங்கமும் புலியும் அப்புறம். நேராகச் சிங்கவால் குரங்கிடம்.

மலையில் இதற்குச் சோலைமந்தி என்று பெயர். கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சின்னக் குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெந்தக் காட்டிலும் கிடையாது. முதிர்ந்தவை 2,500-க்கும் குறைவு என்பது கணக்கு. இதற்காகவே 1976-ல் களக்காட்டில் சரணாலயம் வந்தது. இங்கே வண்டலூரில் வளர்த்து இனம் பெருக்குகிறார்கள். கூண்டருகே நின்ற ஒரு குடும்பம் குரலைத் தாழ்த்திப் பேசியது. அரிய விலங்கு என்றால் நமக்கே ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

வெளியே வந்து வாலாஜாபாத் சாலையில் பஸ் பிடித்தேன். மண்ணிவாக்கம், படப்பை, பிறகு ஒரகடம். ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று உருண்டு ஓடும் எல்லாவற்றுக்கும் இங்கே ஆலை இருக்கிறது. ஷிப்ட் மாறும் நேரம். கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நின்றன.

கூட்டுரோடு தாண்டி ஒரு டீக்கடை. எதிரே ஓர் ஆலையின் மதில் மேல் கடுவன் ஒன்று உட்கார்ந்திருந்தது. நடுவகிடு எடுத்து வாரிவிட்டதுபோல் தலைமயிர், நம் நாட்டுக்குரங்கு. கன்னப்பை இரண்டும் புடைத்திருந்தன. புறங்கையால் கன்னத்தை அழுத்தி, உள்ளே பதுக்கியதை வாய்க்குத் தள்ளி, ஒவ்வொன்றாக மென்றது. வேர்க்கடலை. கடைக்கார அக்கா தட்டை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டே, “இதுங்க தொல்லை தாங்கல சார்” என்றார்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த காவலாளிப் பெரியவர் உள்ளூர்க்காரர். “முன்னாடி ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் புளியமரம் தம்பி. ஏலம் எடுத்தவன் கல்லால அடிப்பான், அப்பவும் போவாது. இப்ப ரோடு அகலமாச்சு, மரம் இல்ல. அது எங்க போவும்? கேன்டீனுக்குத்தான் போவும்.”

மைசூர் பல்கலைக்கழகத்தின் மேவா சிங்கும் அவரோடு சேர்ந்தவர்களும் கால் நூற்றாண்டு எண்ணிப் பார்த்துச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். மைசூர்ப் பக்கத்துச் சாலைகளிலும் ஊர்களிலும் நாட்டுக்குரங்கு 65 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது என்று 2017-ல் எழுதினார்கள். சாலையோர ஆலும் அத்தியும் போனது ஒரு காரணம். பிடித்துக்கொண்டுபோய் வேறிடத்தில் விடுவது இன்னொன்று. அதுவரை ‘கவலை இல்லை’ என்ற பட்டியலில் இருந்த குரங்கு, இன்று ‘அழியக்கூடியது’ பட்டியலில் இருக்கிறது. தென்னிந்தியாவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாதது இதுவும்தான்.

குரங்கு, முசு, ஊகம் என்று மூன்றையும் பெயர் பிரித்துச் சொன்னது தொல்காப்பியம். நமக்கோ எல்லாம் ஒன்றே: தொல்லை. கண்ணில் படுவதெல்லாம் பெருகிக் கிடப்பதாக நினைக்கிறோம். மரத்தில் இருக்க வேண்டியது தரைக்கு வந்ததால்தான் கண்ணில் படுகிறது என்று தோன்றுவதில்லை.

வண்டலூரில் குரல் தாழ்த்தியவர்களில் நானும் ஒருவன். இங்கே கடுவன் என் பக்கம் திரும்பியதும் முதலில் பையைத்தான் இறுக்கிக்கொண்டேன்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். சாலை நடுவே அரளி பூத்திருந்தது, இளஞ்சிவப்பாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக. மதிலிலிருந்து இறங்கிய கடுவன் லாரி ஒன்று போகட்டும் என்று நின்று, அரளிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. ஓர் இலையைக்கூடத் தொடவில்லை. அரளியை ஆடே தின்னாது, குரங்குக்குத் தெரியாதா?

அடுத்த வாரம் வால்பாறை. அங்கே சோலைமந்தி கீழே இறங்காமல் சாலையைக் கடக்க, மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் பாலம் கட்டுவதற்கு முதலில் இரண்டு மரம் வேண்டும்.

(தொடரும்)