நமது இருமல்

இருமல் ஒரு காலத்தில் கௌரவமான காரியமாயிருந்தது. பெரியவர் ஒருவர் வந்திருக்கிறார் என்று வீட்டிலுள்ளோருக்கு அறிவிக்கத் திண்ணையிலிருந்து ஒரு செருமல் போதும். முப்பது வருஷமாக ஆஸ்த்மாவுடன் குடித்தனம் நடத்தி வரும் நாமும் அந்தக் கௌரவத்தில் சிறிது பங்கு பெற்றிருந்தோம். 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அது பறிபோயிற்று.

அப்போது யாரைத் தொலைபேசியில் அழைத்தாலும் முதலில் கேட்டது ஓர் இருமல். அப்புறந்தான் கொரோனா எச்சரிக்கை. நமது இருமலையே எவரோ களவாடிப் பதிவு செய்து விட்டார்களோ என்று நமக்குச் சந்தேகம். மார்ச்சு 25-ந் தேதி தேசம் முழுவதும் ஊரடங்கு வந்தது. ஏப்ரலில் ஒரு நாள், கறிகாய்க் கடை வாசலில் சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குள் நின்றிருந்தோம். தொண்டை அரித்தது. அடக்கினோம், கண்ணில் ஜலம் வந்தது, இருமலும் வந்தது. "இது ஆஸ்த்மா, ஐயா! ஒட்டாது" என்றோம். முன்னால் நின்றவர்கள் அதைக் கேட்பதற்கு அங்கே இருந்தால்தானே! வரிசையில் முதலிடம் நமக்குக் கிடைத்தது என்பதையும் உண்மையை உத்தேசித்துச் சொல்லி வைக்கிறோம்.

இதெல்லாம் சிரித்து விட்டுப் போகக்கூடிய சங்கதி. நாம் செய்த மடத்தனம் அப்படிப்பட்டதல்ல.

தினம் இரு வேளை நாம் உறிஞ்சும் தடுப்பு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கிறது. ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். அது குறைந்தால் கொரோனா வரும். ஆகவே மருந்தை நிறுத்த வேண்டும். இந்தத் தர்க்கத்தை வாட்ஸப்பில் அனுப்பியவர் நமது அருமை நண்பர். அன்றைக்கே நிறுத்தினோம். பதிலாகக் கபசுரக் குடிநீர் குடித்தோம். போர்வைக்குள் புகுந்து ஆவி பிடித்தோம். சூடான ஆவி சில ஆஸ்த்மாக்காரர்களின் மூச்சுக் குழாயை இன்னும் உறுத்தும் என்பது பின்னால் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு இழுப்பு கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா; போகாவிட்டால் மூச்சு. இரண்டுக்கும் நடுவே கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். நமது இல்லாள் தயங்கவில்லை. டாக்டரைத் தொலைபேசியில் எழுப்பினாள்.

"ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடிகிறதா?" என்று கேட்டார் டாக்டர்.

பாதியில் நின்று, மூச்சு வாங்கிச் சொல்லி முடித்தோம். விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் 94 காட்டியது. நீல இன்ஹேலரை ஸ்பேசரில் செருகி, ஒரு அழுத்து, நிதானமாகச் சில மூச்சு, மறுபடி ஒரு அழுத்து என்று எடுக்கச் சொன்னார். நெபுலைஸர் வேண்டாமாம், நோய் ஒருவேளை இருந்தால் அதன் புகை வீட்டாருக்கும் பரப்பக்கூடும். "இதில் அடங்காவிட்டால் கொரோனாவை நினைத்துத் தயங்காதீர்கள்; 108-ஐக் கூப்பிட்டு விடுங்கள், அம்மா" என்றார். அடங்கியது. அந்த அரை மணி நேரத்தில் நமது இல்லாள் வாய் திறக்கவேயில்லை. அதை நாம் இன்னும் மறக்கவில்லை.

காலையில் டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். உறிஞ்சும் மருந்து மைக்ரோகிராம் கணக்கில் மூச்சுக் குழாய்க்கு நேரே போகிறது. வீக்கத்தை வற்ற வைக்கிறது. அதை நிறுத்தினால் குழாயின் உட்சுவர் வீங்கிக் கிடக்கும். அப்போது சாதாரண ஜலதோஷமே ஆளைச் சாய்த்துவிடும். கட்டுக்குள் இருக்கும் மிதமான ஆஸ்த்மாவினால் கொரோனா அதிகக் கொடுமை செய்வதில்லை என்று பிற்பாடு ஆராய்ச்சிகளிலும் தெரிந்தது. சமீபத்தில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்க நேர்ந்தவர்களுக்குத்தான் அபாயம் அதிகம். நமது கட்டு தளர்ந்திருந்தால் நாமும் அந்த வரிசையில் சேர்ந்திருப்போம்.

வேடிக்கை என்னவென்றால், எந்த மருந்துக்குப் பயந்தோமோ அதே ஜாதி மருந்தை ஆக்ஸ்போர்டில் கொரோனா நோயாளிகளுக்கே கொடுத்துப் பரீட்சை செய்தார்கள். ஆரம்பத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் ஆஸ்த்மாக்காரர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாயிருந்ததே அந்த யோசனைக்கு மூலம். 146 பேரைக் கொண்டு நடந்த அந்தப் பரீட்சையின் முடிவு 2021-ல் வெளியாயிற்று.

2022 ஜனவரியில் கொரோனா நமக்கும் வந்தது. நாலு நாள் ஜுரம், பத்து நாள் இருமல். தடுப்பு மருந்தை ஒரு வேளையும் விடவில்லை, இழுப்பு வரவில்லை.

சென்ற மாதம் ராத்திரி பதினொரு மணிக்குத் தொலைபேசி மணி அடித்தது. தர்க்கம் அனுப்பிய அதே நண்பர். பேரனுக்கு இழுப்பாம், டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறாராம். "ஏன் சார், இந்த ஸ்பேசர் இருக்கிறதே, இதில் எந்தப் பக்கத்தை வாயில் வைப்பது?" என்று கேட்டார்.