மதிப்பெண் போடும் கை

2025 பிப்ரவரி. வட இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம். சமூகப்பணிப் பட்டப்படிப்புக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள். சுவரோரமாக ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். பேசக் கூடாது, தலையாட்டக் கூடாது என்பது நிபந்தனை. தலையாட்டாமல் கேட்பது தமிழனுக்கு எத்தனை சிரமம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

மேசைக்குப் பின்னால் நால்வர். ஒருவர் விரிவுரையாளர். ஒருவர் உள்ளாட்சியிலிருந்து வந்த சமூகப்பணியாளர். மூன்றாமவர் அறுபதைத் தொட்ட மனிதர். மனநல மருத்துவமனைக்குள்ளும் வெளியிலுமாக வாழ்க்கையில் பாதியைக் கழித்தவர். நான்காமவர் ஒரு தாய். டவுன் சிண்ட்ரோம் உள்ள 26 வயது மகனைப் பார்த்துக்கொள்பவர். விரிவுரையாளர் கழுத்தில் பல்கலைக்கழக அட்டை, சமூகப்பணியாளர் கழுத்தில் அவருடைய அலுவலக அட்டை. மற்ற இருவர் கழுத்திலும் ‘வருகையாளர்’ என்று அச்சிட்ட சிவப்புப் பட்டி. அந்த மனிதர் இந்த வேலைக்காக இங்கே வரத் தொடங்கி ஒன்பது வருடமாகிறதாம்.

முதலில் வந்த பெண் நன்றாகத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தாள். உரிமை, கண்ணியம், சமத்துவம் எல்லாம் தடையில்லாமல் வந்தன. தாய் கேட்டார்: “என் பையனைப் பார்க்க எங்க வீட்டுக்கு வர்றீங்க. கதவைத் திறக்கிறது அவன்தான். என்ன செய்வீங்க?”

“என்னை அறிமுகப்படுத்திக்கிட்டு, அம்மா இருக்காங்களான்னு கேட்பேன். அவங்க அனுமதியோட அவரோட தேவைகளை மதிப்பிடுவேன்.” கேட்டது தாய். பதில் போனது விரிவுரையாளரைப் பார்த்து. தாய் தாளில் ஏதோ குறித்தார்.

அடுத்து அந்த மனிதர். “எனக்கு இதுவரைக்கும் பதினோரு சமூகப்பணியாளர் வந்துட்டாங்க. பன்னிரண்டாவது நீங்க. நான் எதுக்கு உங்ககிட்ட வாயைத் திறக்கணும்?”

“நான் உங்களைக் கைவிட மாட்டேன்,” என்றாள் சட்டென்று. அவர் புன்னகைத்தார். பதினோரு பேரும் சொன்னதுதான் போலும்.

பிறகு வந்த பையனுக்கு வாய் திக்கியது. சட்டைக் கையை இழுத்து இழுத்து விரல்களை மறைத்துக்கொண்டான். கொள்கை பற்றிய கேள்வியில் பாதியிலேயே நின்றுவிட்டான். கதவைத் திறக்கும் மகன் கேள்விக்கு, “அவர் பேரைக் கேட்பேன். உள்ளே வரலாமான்னு அவர்கிட்டயே கேட்பேன்” என்றான். பன்னிரண்டாவது ஆள் கேள்விக்கு வெகுநேரம் பதிலே இல்லை. விரிவுரையாளர் உதவிக்கு வரப் பார்த்தார்; அந்த மனிதர் கையைத் தூக்கித் தடுத்தார். கடைசியில் பையன் சொன்னான்: “நானும் ஒருநாள் போயிடுவேன். எப்போ போவேன்னு முன்கூட்டியே சொல்லிடுவேன்.”

ஐந்துக்கு மதிப்பெண். நால்வருக்கும் சம எடை. பெண்ணுக்கு 4, 4, 2, 2. பையனுக்கு 3, 3, 5, 5. விரிவுரையாளர் தயங்கினார். “அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் பதற்றம். அதான் உங்க பக்கம் பார்க்கலை.”

“என் வீட்டுக்கும் பதற்றத்தோடதானே வருவாங்க,” என்றார் அந்த மனிதர். மதிப்பெண் மாறவில்லை. பையனுக்கு இடம் கிடைத்தது. பெண் காத்திருப்போர் பட்டியலுக்குப் போனாள்.

அந்த மனிதரும் தாயும் மேசைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது யாருடைய பெருந்தன்மையாலும் அல்ல. இங்கிலாந்தில் 2003இல் பழைய இரண்டாண்டு டிப்ளமோ போய்ப் பட்டப்படிப்பு வந்தபோது, அதை நடத்துவதில் சேவை பெறுபவர்களையும் பராமரிப்பாளர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அரசே விதித்தது. அதற்குப் பின்னால் மாற்றுத்திறனாளிகள், மனநல சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோரின் இயக்கங்கள் நடத்திய நெடிய போராட்டம் இருந்தது. பேராசிரியர் பீட்டர் பெரஸ்ஃபோர்டு அந்த இயக்கத்தின் முக்கியக் குரல். மனநல சேவைகளை நெடுங்காலம் பெற்றவர் என்பதை அவர் எங்கும் மறைத்ததில்லை. இப்போதைய ஒழுங்குமுறை அமைப்பான ‘சோஷியல் வொர்க் இங்கிலாந்து’, மாணவர் சேர்க்கையிலும் பாடத்திட்ட அமைப்பிலும் இவர்களுக்குப் பங்கு வேண்டும் என்கிறது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போய், 2005 முதல் ஒரு பாடத்தில் சேவை பெறுபவர்களையும் மாணவர்களாகவே சேர்த்து, ஒரே வகுப்பில் உட்கார வைக்கிறது.

விதி இருக்கிறது, அதை நிறைவேற்றுவதில் சோம்பேறி வழியும் ஒன்று இருக்கிறது. அன்று மாலை அதையும் பார்த்தேன். முதலாண்டு வகுப்புக்கு அதே மனிதரை அழைத்துப் போய், “உங்க கதையைச் சொல்லுங்க” என்றார்கள். சொன்னார். ஒரு மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று ஒரு மாணவன் கேட்டான். கைதட்டல். எங்கள் படிப்பில் எதை மாற்ற வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. காலையில் தேர்வாளராக இருந்தவர் மாலையில் பாடப்பொருள் ஆகிவிட்டார். வகுப்பிலிருந்து வெளியே வந்தபோது காலையில் இருந்த நிமிர்வு அவரிடம் இல்லை.

காலை நேர்காணலுக்கும் மாலை வகுப்புக்கும் நடுவே, தேநீர் வேளையில், மதிப்பூதியப் படிவம் வந்தது. தாய் பேனாவை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். வாரத்துக்கு 35 மணிநேரமாவது ஒருவரைப் பார்த்துக்கொள்பவருக்கு அந்நாட்டு அரசு பராமரிப்பாளர் உதவித்தொகை தருகிறது. அந்த ஆண்டு வாரத்துக்கு 81 பவுண்டு 90 பென்ஸ். ஆனால் அப்போது வேறு வேலையில் வாரம் 151 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்கக் கூடாது என்று இருந்தது. ஒரு பவுண்டு கூடினாலும் அந்த வாரத்து உதவித்தொகை முழுவதும் போய்விடும். அவருக்கு ஒரு கடையில் மாலை நேர வேலை உண்டு.

“இதை ரெண்டு வாரமாப் பிரிச்சுத் தர முடியுமா?”

“மாசக் கடைசியில மொத்தமாத்தான் கணக்கு போவும்,” என்றார் விரிவுரையாளர், மெய்யான வருத்தத்துடன். “வேணும்னா, தொகை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு...”

“உங்க சம்பளத்தை வேண்டாம்னு எழுதிக் கொடுப்பீங்களா?”

கோபம் இல்லை அந்தக் குரலில். விரிவுரையாளருக்குப் பதிலும் இல்லை. வரம்பு ஏப்ரலில் 196 பவுண்டாக உயரப்போகிறது என்று சமூகப்பணியாளர் நினைவூட்டினார். அப்படியே உயர்ந்தது, ஆனால் மாணவர் சேர்க்கை மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மீதி நேர்காணல்களுக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளும்படி தாய் சொன்னார்.

இவர்களை அழைக்க நினைக்கும் எந்தக் கல்லூரியும் வரவேற்புரை எழுதும் முன் இரண்டு காரியம் செய்யட்டும்: மதிப்பெண் தாளை அவர்கள் கையிலும் கொடுக்கட்டும், அவர்களுக்கான பணத்தை எப்படி, எப்போது தருவது என்று தன் கணக்குப் பிரிவோடு பேசி முடிக்கட்டும்.